கைப்பக்குவத்தைக் கம்பெனியின் அறிவாக்குவது எப்படி?

கோவை அரசூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பவுண்டரிக்கு, அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைக்கு, காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மணல் கலக்கும் மில்லிலிருந்து மணல் இறங்கியதும், வார்ப்பு அச்சு செய்யும் மூத்த மோல்டர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். கையைத் திறந்தால் உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்க வேண்டும், கையில் மணல் ஒட்டக் கூடாது. பிறகு அதை இரண்டாக உடைப்பார். உடைந்த விளிம்பு கூராக நின்றால் தலையாட்டுவார். உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லுவார். மொத்தம் ஐந்து விநாடி வேலை. அவர் இரண்டு நாள் கல்யாண லீவில் போனால் புளோ ஹோல் (வாயு அடைத்து விழும் ஓட்டை) விழுந்த பம்ப் கேசிங் மூலையில் குவிகிறது.

“தண்ணி எவ்வளவுங்ணா ஊத்தறது?” என்று கேட்டால், “அதை எங்க கண்ணு அளக்கறது, கையில புடிச்சாத் தெரிஞ்சு போகும்” என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது கையில் இருக்கிறது, வாயில் இல்லை. திருப்பூர் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவருக்கும், சென்னிமலைத் தறியில் பாவு இழுவையைத் தொட்டே சொல்பவருக்கும் இதே நிலைதான்.

ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராகவோ, புரொடக்ஷன் மேனேஜராகவோ, படித்து முடித்து அப்பாவின் பட்டறைக்குத் திரும்பிய மகளாகவோ மகனாகவோ புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக இந்த வழிகாட்டி. 20 பேரிலிருந்து 200 பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. சொல்லில் வராத அறிவைப் பற்றி மைக்கேல் போலானி 1966இல் எழுதினார்: நாம் சொல்ல முடிவதைவிட அறிந்திருப்பது அதிகம் என்பது அவர் கருத்து. ஜப்பானின் இக்குஜிரோ நோனாகாவும் ஹிரோதகா தாகேயுச்சியும் 1995இல் அதை நிறுவனங்களுக்குப் பொருத்தி, அறிவு நான்கு திருப்பங்களில் உருவாகிறது என்றார்கள். கூட இருந்து பழகி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது ஒன்று. கையில் இருப்பதைச் சொல்லாகவும் எண்ணாகவும் ஆக்குவது இரண்டு. அப்படி எழுதியதை மற்ற எழுத்துகளோடு சேர்ப்பது மூன்று. எழுதியதைப் படித்துச் செய்து பார்த்து மறுபடியும் கையில் ஏற்றிக்கொள்வது நான்கு. நான்காவது முடிந்த இடத்தில் முதலாவது திரும்பத் தொடங்கும், முன்பைவிட ஒரு படி மேலே.

அவர்கள் காட்டிய உதாரணம் ரொட்டி செய்யும் மெஷின். 1980களில் ஒசாகாவில் மத்சுஷிதா கம்பெனி அதை உருவாக்கியபோது மாவு பிசையும் பதம் சரியாக வரவே இல்லை. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சியாளராக நின்றார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கூட இருந்த தனாகாதான் கண்டார். அந்த முறுக்கு மெஷினுக்குள் வந்த பிறகுதான் ரொட்டி ரொட்டியாக வந்தது.

நம் பக்கத்தில் பெரும்பாலான கம்பெனிகள் மூன்றாவது திருப்பத்தில் தொடங்குகின்றன. சாப்ட்வேர் வாங்குவார்கள், போல்டர் திறப்பார்கள், ‘எல்லாரும் தெரிந்ததை எழுதி ஏற்றுங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதில் விடுமுறைப் பட்டியலும் இன்சூரன்ஸ் பாரமும்தான் இருக்கும். முதல் இரண்டு திருப்பங்களைத் தாண்டிக் குதிக்க வழியே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

‘டையிங் அறிவு’ என்று எடுத்தால் முடியாது. ‘கருநீலத்தில் லேப் ஷேடும் (சோதனைச் சாயம்) பல்க் ஷேடும் (மொத்தத் துணியில் வரும் சாயம்) ஏன் ஒத்துப்போவதில்லை’ என்று எடுத்தால் முடியும். எதை எடுப்பது என்று தெரியவில்லையா? ஒரு வாரம் இரண்டு விஷயங்களை மட்டும் குறித்து வாருங்கள். யார் லீவில் இருந்தால் அவர் போனுக்கு மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், எதற்காக? எந்த வேலை திரும்பத் திரும்ப ரீவொர்க்குக்கு வருகிறது? இரண்டு பட்டியலிலும் வரும் விஷயம் எதுவோ அதுவே உங்கள் முதல் வேலை.

தொடங்கும் முன் சேதத்தை 30 நாள் எண்ணி எழுதி வையுங்கள்: எத்தனை கேசிங் ரிஜெக்ட், எத்தனை கிலோ துணி மறுசாயம். பின்னால் முதலாளி ‘இதனால் என்ன ஆச்சு?’ என்று கேட்பார். அப்போது காட்ட இந்த எண் வேண்டும். இதை விட்டுவிட்டுத் தொடங்கிய முயற்சிகள் பாதியில் நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

பக்கத்தில் உட்காருங்கள்

பத்து வேலை நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரே நபரோடு. முதல் மூன்று நாள் நோட்டைத் திறக்காதீர்கள். மணலை நீங்களும் பிடியுங்கள், நீங்களும் உடையுங்கள். ‘எப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். கேட்க வேண்டியது வேறு: “இப்ப ஏனுங்ணா நிறுத்தினீங்க?”, “இது சரியில்லைன்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?”, “புதுசா வந்தவன் செஞ்சா எங்க தப்புவான்?” மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் மளமளவென்று வரும். தன் திறமையை விவரிக்கத் தடுமாறுகிறவருக்குக்கூட, அடுத்தவர் பிழை துல்லியமாகத் தெரியும்.

கை நிற்கும் இடத்தைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் கழுத்து ரிப் ஏற்றும் ஓவர்லாக் டெய்லர், ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் திடீரென நிறுத்தி ஊசியைக் கழற்றுவார். ஏன் என்று கேட்டால் ‘சத்தம் மாறிருச்சுங்க’ என்பார். முனை மழுங்கிய ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்காமல் அறுத்துக்கொண்டு இறங்கும், சத்தம் கனக்கும். தைத்த இடத்தை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி ஓட்டை தெரியும். இல்லாவிட்டால் துவைத்த பிறகு தெரியும், அப்போது துணி அதை வாங்கும் பயர் வீட்டில் இருக்கும். ‘ஊசியை ஷிப்டுக்கு ஒருமுறை மாற்றவும்’ என்ற விதியை அவர் காது மிஞ்சிவிட்டது. அதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, துணி அளவுக்கு மேல் காய்ந்து வந்த லாட்டிலா இது நடந்தது என்றும் கேளுங்கள். வறண்ட துணியில் உருண்டை முனை கொண்ட நல்ல பால் பாயிண்ட் ஊசியும் அறுக்கும்.

இந்தப் படியில் கெட்டுப்போவது பெரும்பாலும் கூலியால். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் உங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் அந்த மணிக்கான காசு போகிறது. அவருடைய முந்தைய மாதச் சராசரியைக் கணக்குப் போட்டு அந்த மணிக்கூலியைக் கொடுத்துவிடுங்கள், அதுவும் முதல் வாரச் சம்பளத்திலேயே. இதைச் செய்யாமல் ‘கம்பெனி நல்லதுக்கு’ என்று பேசுவது நியாயமில்லை.

இன்னொரு பயமும் உண்டு: சொல்லிக் கொடுத்தால் என் இடம் போய்விடும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆளைக் கழற்றிவிடும் எண்ணத்தோடு இதைத் தொடங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து தொடங்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அந்தக் கம்பெனியில் இன்னும் பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த எண்ணம் இல்லை என்றால், பயிற்றுநர் என்ற பொறுப்பையும் அதற்கான கூடுதல் சம்பளத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

கை சொல்வதற்கு எண் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் கடினமான படி இது. மணலையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எந்தக் கலவை, கை சொன்னது, மீட்டர் காட்டியது. மோல்டர் முதலில் கையில் பிடித்து ‘சரி’, ‘ஈரம்’, ‘வறட்சி’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை எழுதிய பிறகே அந்த மணலை அளக்க வேண்டும். மீட்டரை முதலில் பார்த்துவிட்டால் கை மீட்டருக்கு ஒத்துப் பேசத் தொடங்கிவிடும், ஆகவே வரிசை மாறக் கூடாது. கால்சியம் கார்பைடு பொடி போட்டுக் குலுக்கும் ஈரமானி இருந்தால் சில நிமிடத்தில் அளவு தெரியும். குறைந்தது 30 கலவை இப்படிச் செய்யுங்கள். காலை, மதியம், திங்கட்கிழமை முதல் கலவை, மழை நாள் எல்லாம் அதில் வரட்டும்.

கிரீன் சேண்டில், அதாவது களிமண்ணும் தண்ணீரும் சேர்த்த இந்த வார்ப்பு மணலில், ஈரம் பொதுவாக 3 முதல் 4 சதவீதத்துக்குள் ஓடும். பெரும்பாலான வரிகளில் கையும் மீட்டரும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத வரிகளைச் சிவப்புப் பேனாவில் சுற்றுங்கள். புதிய அறிவு அந்த வரிகளில்தான் இருக்கிறது. 3.5 என்று மீட்டர் காட்டியும் அவர் ‘வறட்சி’ என்று சொல்லியிருப்பார். மீட்டர் கெட்டுவிட்டது, அல்லது பெரியவருக்குக் கை தவறிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பத் திரும்பச் சூடுபட்ட மணலில் செத்த களிமண்ணும் நுண்தூளும் சேர்ந்திருக்கும். அவை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பிணைப்புக்கு உதவாது. ஈரம் இருக்கும், பதம் இருக்காது. அல்லது மணல் 50 டிகிரிக்கு மேல் சூடாக இருந்திருக்கும். அளக்கும்போது இருந்த ஈரம் பெட்டியில் இடிப்பதற்குள் ஆவியாகிவிடும்.

அப்படியானால் அவர் கை அளந்தது ஈரத்தை அல்ல, இறுகும் தன்மையை. அதற்கும் அளவு உண்டு: கம்பாக்டபிலிட்டி. சோதனைக் குழாயில் மணலைத் தளர்வாக நிரப்பி, மேலே வழித்துச் சமன் செய்து, ராமர் என்ற இடிக்கும் கருவியால் மூன்று அடி அடித்தால் உயரம் எத்தனை சதவீதம் இறங்குகிறதோ அது. பெரும்பாலும் 35க்கும் 45க்கும் இடையில் வைத்துக்கொள்வார்கள். உங்கள் பெட்டிக்கும் வார்ப்புக்கும் ஏற்ற எண்ணை உங்கள் மோல்டரின் ‘சரி’ சொல்லும். நோட்டில் நான்காவது பத்தியாக இதைச் சேர்த்து இன்னொரு 30 கலவை பாருங்கள். சிவப்பு வட்டங்கள் பெருமளவு குறையும்.

கவனித்தீர்களா, இங்கே இரண்டு பேரும் கற்றார்கள். தன் கை எதை அளக்கிறது என்று மோல்டருக்கு இப்போது ஒரு சொல் கிடைத்தது. ஈர சதவீதத்தை மட்டும் பார்த்து மணலை ஓட்டக் கூடாது என்று ஆபீஸுக்குத் தெரிந்தது. ஒருவரிடம் இருந்ததை இன்னொருவர் நகல் எடுத்ததால் இது வரவில்லை. முன்பு இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்று வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் எண் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் பொருளையே வையுங்கள்: நல்ல தையல், கெட்ட தையல், எல்லையில் நிற்கும் தையல் என மூன்று துண்டை அட்டையில் ஒட்டித் தொங்கவிடுங்கள். எல்லைத் துண்டுதான் முக்கியம். நல்லதும் கெட்டதும் யாருக்கும் தெரியும்.

ஒரு பக்கம் எழுதுங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை வேகமாகப் பழக்க ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம் வந்தது. அதில் வேலையை இரண்டு பத்தியாக உடைத்தார்கள்: என்ன செய்வது, எங்கே கவனம். ‘ஏன்’ என்ற மூன்றாவது பத்தி பின்னால் சேர்ந்தது. இன்றும் இதைவிட நல்ல படிவம் கிடையாது. மூன்றாவது பத்தியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காரணம் எழுதாத விதியை, அவசர ஆர்டர் வரும் முதல் நாளே தாண்டிவிடுவார்கள்.

‘சரியான அளவு’, ‘நன்றாக’, ‘போதுமான நேரம்’ என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் அடித்துவிட்டு, எத்தனை, எவ்வளவு நேரம், எதைப் பார்த்து என்று எழுதுங்கள். படம் உங்கள் மெஷினுடைய படமாகவே இருக்கட்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் லைனில் இருந்தால் இந்தியிலும் ஒரு பிரதி வேண்டும், அதையும் அந்த லைன் ஆளிடமே சொல்லச் சொல்லி எழுதுங்கள். கீழே யாருடைய கைப்பக்குவம் என்று அவர் பெயர், எழுதிய தேதி. பிளாஸ்டிக் உறை போட்டு மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஆபீஸ் பீரோவில் இருக்கும் பக்கம் இல்லாத பக்கம்.

துணி வாங்கும் பயரின் ஆடிட்டுக்காக எழுதிய கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதைத் தொடாதீர்கள், அதோடு கலக்கவும் வேண்டாம். லைனில் நடப்பது ஒன்று, கோப்பில் இருப்பது ஒன்று என்று இருந்தால் ஆட்கள் உங்கள் புதுப் பக்கத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

தெரியாதவர் கையில் கொடுங்கள்

எழுதியவரும் சொல்லிக் கொடுத்தவரும் வாய் திறக்காமல் நிற்க, வேலை தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துச் செய்யட்டும். அவர் தயங்கும் ஒவ்வொரு இடமும் பக்கத்தின் பிழை. அவருடைய பிழை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். திருத்தி, இரண்டாவது ஆளிடம், மறுபடியும் திருத்தி மூன்றாவது ஆளிடம். மூன்று பேர் தடையில்லாமல் செய்தால் பக்கம் தேறியது.

ஆள் தேறுவது வேறு கணக்கு. யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம் போட்டு, நான்கு கால் பாகமாகப் பிரியுங்கள். பார்த்தார், உதவியோடு செய்தார், தனியாகச் செய்கிறார், இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கால் காலாக நிரப்புங்கள். முக்கியமான எந்த வேலைக்கும் முழு வட்டம் இரண்டு பேருக்காவது வேண்டும். காலண்டரையும் பாருங்கள்: தீபாவளி போனஸ் வாங்கியதும் இங்கே ஆள் மாறும். ஆடியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் இரண்டாவது ஆள் தயாராவார். புரட்டாசியில் தொடங்கினால் ஆக மாட்டார்.

நோட்டுகளை ஒரே மேஜையில் விரியுங்கள்

கருநீல ஷேடு விஷயத்துக்கு வருவோம். லேப்காரர் நோட்டில் ரெசிபி இருக்கும். டையிங் மாஸ்டரின் பேட்ச் கார்டில் மெஷின் ஓடிய விதம் இருக்கும். தண்ணீர் பார்ப்பவரிடம் அன்றைய கடினத்தன்மையும் கழிவுநீரிலிருந்து மீட்டெடுத்த பிரைனில் (உப்புநீர்) உப்பு லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் இருக்கும். மூன்று பேரும் தனித்தனியாகச் சரி. ஷேடு தவறு.

கடைசி பத்து பேட்ச்சுக்கு மூன்று நோட்டையும் வரிசைப்படுத்தி ஒரே தாளில் எழுதினால் காரணம் தானாக மேலே வரும். லேப் பீக்கரில் துணிக்கும் தண்ணீருக்கும் விகிதம் 1:10, சாயமேற்றும் சாப்ட் புளோ மெஷினில் 1:6 என்றால் மெஷினில் சாயம் அதிகம் ஏறும். வெளுப்பில் மிஞ்சிய பெராக்சைடு கழுவப்படாமல் இருந்தால் ரியாக்டிவ் சாயம் சிதைந்து ஷேடு வெளிறும். சோடாவை ஒரேயடியாகக் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மீட்டெடுத்த பிரைன் லோடுக்கு லோடு மாறும். அளக்காமல் போன முறை ஊற்றிய லிட்டரையே ஊற்றினால் உப்பு கூடும் அல்லது குறையும்.

இதற்கு வாராந்தர மீட்டிங் உதவாது. தவறு நடந்த அன்றே, மெஷின் பக்கத்தில், நின்றபடி 20 நிமிடம். அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பிறகு கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள் போதும்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். பேசும் வரிசையைக் கீழிருந்து வையுங்கள். ஹெல்பர் முதலில், மேனேஜர் கடைசியில். முதலாளி முதலில் பேசிவிட்டால் மீதிப் பேர் ‘ஆமாங்க’ என்பதோடு முடிந்தது. நான்காவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதாமல் கலையாதீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுவது நல்ல பழக்கம். ஆனால் அது சேமிப்பு ஆகாது. சனிக்கிழமை ஒருவர் உட்கார்ந்து அந்த வாரத்தில் வந்தவற்றில் பயன்படுவதை நோட்டுக்கு மாற்ற வேண்டும்.

பக்கத்து கம்பெனி

தனி ஒரு யூனிட்டால் உருவாக்க முடியாத அறிவும் உண்டு. கோவை பஸ்ஸில் கண்டக்டர் ‘சித்ரா’ என்று கூவும் நிறுத்தம், 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் சுருக்கப் பெயர்தான். மில்கள் தங்கள் உற்பத்தி, செலவு, தர எண்களை அங்கே கொடுத்து, மற்ற மில்களோடு தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வழி செய்தது. திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டி வந்தது. சுத்திகரிப்பில் கிடைத்த பிரைனையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் பக்குவத்தைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சாயப்பட்டறைகளும் சேர்ந்தே கற்க வேண்டியிருந்தது.

எதைப் பகிர்வது என்பதில் குழப்பம் வேண்டாம். பயர் பெயர், விலை, ரெசிபி உங்களுடையது. தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு, மெஷின் பராமரிப்பு பற்றிய அறிவைத் தாராளமாகப் பேசுங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் நிட்டிங், காம்பாக்டிங் யூனிட்டுகளோடு இன்னும் ஒரு படி அதிகமாக. உங்கள் துணியின் கோளாறில் பாதி அங்கே பிறக்கிறது. அவர்கள் ஆளை மாதம் ஒருமுறை உங்கள் செக்கிங் டேபிளில் அரை நாள் உட்கார வையுங்கள்.

பக்கம் பழசாகும்

பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு அறிவித்தால் பக்கங்கள் வரும், பயன் வராது. ஒரு பக்கத்தைப் பார்த்து வேறொருவர் வேலை செய்து தேறும்போது, சொல்லிக் கொடுத்தவருக்கும் கற்றவருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். மணலில் சேர்க்கும் பென்டோனைட் களிமண்ணின் சப்ளையர் மாறியிருப்பார், நூல் மில் மாறியிருக்கும், புது மெஷின் வந்திருக்கும். தொடங்கும்போது எண்ணிய சேதத்தை மறுபடி 30 நாள் எண்ணி, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். குறையவில்லை என்றால் பக்கம் தவறு, அல்லது யாரும் அதைப் பார்ப்பதில்லை. எண்ணெய்க் கறையும் விரல் தடமும் இல்லாமல் உறை பளபளவென்று இருந்தால் இரண்டாவதுதான்.

உறை மேல் யாராவது ஸ்கெட்ச் பேனாவில் ஒரு எண்ணை அடித்து வேறு எண் எழுதியிருந்தால் கோபப்பட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். யார் எழுதினார், எந்தத் தேதி, எந்த லாட் என்று கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, அடுத்த நாள் காலை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.